முட்டம் வீடு (குடும்பக் குழு)

தம்பி, 6:12
மாமா, வள்ளத்து முன்தட்டு இன்னைக்கு மிதிச்ச இடத்துல உள்ள போயிட்டு. பலகைய இளக்கிப் பார்த்தா ஆணி ஓட்டையச் சுத்தி எல்லாம் கருத்துப் பொடியுது. பட்டறையில 18 எம்எம் பிளைவுட் ரெண்டு ஷீட் போடச் சொல்லுதாவ.

சின்ன மாமா, 6:20
எட்டுக்கு நாலு ஷீட்டு 18 எம்எம்முன்னா ஒண்ணே 35 கிலோ பக்கம் வரும் மக்களே. ரெண்டு 70. மேல ஒட்டுற ஃபைபர் பாயும் ரெசின் பசையும் சேர்த்தா 80. ஒரு ஆளை எப்பவும் முன்னால அணியத்துல நிறுத்தி வச்ச மாதிரி.

சின்ன மாமா, 6:21
கனம் மேல ஏற ஏற வள்ளம் உருளும். கீழ கெடக்குற கல்லும் மேல கெடக்குற கல்லும் ஒண்ணில்ல.

அப்பா, 6:25
மச்சான், மெல்லிசா போட்டா தொய்யாதா? வலையோட நிக்கணும்லா.

சின்ன மாமா, 6:31
9 எம்எம் போடுங்க அத்தான். பாதி தடிமன்னா விறைப்பு பாதியில்ல, எட்டுல ஒரு பங்குதான் இருக்கும். அதனால அடியில குறுக்குச் சட்டத்த நெருக்கணும். இப்போ ரெண்டு அடிக்கு ஒண்ணு இருக்கு, ஒரு அடிக்கு ஒண்ணு வைங்க. தொய்வு பழைய அளவுக்கே வந்திரும். மேலயும் கீழயும் ஒவ்வொரு பாய். எல்லாஞ்சேர்த்து 60 கிலோகூட வராது.

தம்பி, 6:33
பிளைக்குப் பதிலா தெர்மாகோல ரெண்டு பாய்க்கு நடுவுல வச்சு ஒட்டுனா இன்னும் லேசா இருக்குமே?

கொச்சி அண்ணன், 6:40
எடே வேண்டாம். நம்ம பாலியெஸ்டர் ரெசின் பட்டதும் தெர்மாகோல் கரைஞ்சு குழியாயிரும். நடுவுல வைக்க பிவிசி ஃபோமுன்னு தனியா உண்டு. 12 எம்எம் ஷீட்டு 3 கிலோதான், ரெண்டு பக்கமும் பாய் போட்டாலும் 12 கிலோ பக்கம்தான் நிக்கும். தண்ணி குடிக்காது, உளுக்காது. விலைதான் பிளையவிடப் பல மடங்கு.

கொச்சி அண்ணன், 6:42
இன்னொண்ணு சித்தப்பா, நங்கூரக் கயிறு கட்டுற குத்தி வர்ற இடத்துல ஃபோம் ஆகாது. போல்ட்ட முறுக்கினா நசுங்கிரும். அங்க பிளைத் துண்டு வச்சே ஆகணும்.

அப்பா, 6:50
பிளையே போதும். 1980-கள்ல நம்ம முட்டத்துலயே பிளைவுட் வள்ளம் கட்டுனாவ. நமக்குக் கை பழகுன சாமான்.

சின்ன மாமா, 6:52
அப்போ கடல் பிளைக்கு உள்ள ஐஎஸ் 710 முத்திரை இருக்கான்னு பார்த்து வாங்குங்க அத்தான். 303ன்னு அடிச்சிருந்தா அது வீட்டு அலமாரிக்கு உள்ளது. கடையில ரெண்டையும் வாட்டர்புரூஃப்னுதான் சொல்லுவான்.

அம்மா, 7:05
மேல வழவழன்னு விட்டுராதிய. போன ஆடியில அப்பா வழுக்கி இடுப்பு பிசகி பதினஞ்சு நாள் கெடந்தது எனக்குத்தான் தெரியும்.

சின்ன மாமா, 7:08
கடைசிக் கோட்டு ரெசின் ஈரமா இருக்கும்போதே சலிச்ச மணல் தூவிரலாம் அக்கா. அதுக்கு மேல வெள்ளை பெயின்ட். பச்சை, நீலம் வேண்டாம், உச்சி வெயில்ல வெறுங்காலு வெந்திரும்.

தம்பி, 7:11
ஓட்டை விஷயம் மாமா? அதுலதான உளுத்துச்சு.

சின்ன மாமா, 7:19
ஆமா, அதுதான் முக்கியம். ஆணியே அடிக்காத. அறுத்த ஓரத்துக்கெல்லாம் ரெசின் குடிக்கக் குடிக்கக் கொடு. போல்ட்டுக்கு வேண்டியதவிடப் பெரிய ஓட்டையா போட்டு, எப்பாக்ஸி மாவு குழைச்சு அடைச்சு, இறுகினதும் அதுக்குள்ள சின்ன ஓட்டை போடு. அப்போ உப்புத்தண்ணி மரத்தத் தொடாது. துளை போடுற அன்னைக்கு மட்டும் கூப்பிடு, நான் வந்து கூட நிக்கேன்.

அப்பா, 7:22
சனிக்கிழமை வா மச்சான். வெள்ளிக்குள்ள பழசு எல்லாம் சுரண்டிக் காயப் போட்டிருவோம்.