பன்னிரண்டு போர் இரட்டைக்குழலில் மசில் பிரேக் பொருத்தலாமா?

கேள்வி: குடியாத்தம் வாசகர்

வணக்கம். என் தந்தையாரிடமிருந்து உரிமத்துடன் எனக்கு மாற்றித் தரப்பட்ட பழைய இரட்டைக்குழல் பன்னிரண்டு போர் (bore, குழல் துளையின் அளவு) துப்பாக்கி ஒன்று என்னிடம் இருக்கிறது. சீமையில் செய்த பக்கவாட்டு இரட்டைக்குழல், எடை 3.1 கிலோ. தேர்தல் வரும்போதெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதும், முடிந்ததும் ரசீதைக் காட்டி மீட்டு வருவதுமாகவே பல ஆண்டுகள் ஓடிவிட்டன. சென்ற ஆண்டு ரைபிள் கிளப் ஒன்றில் சேர்ந்து பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடப் பழகத் தொடங்கிய பிறகுதான் சுடும்போது தோளில் பின்னோக்கி இடிக்கும் இதன் உதை எப்படிப்பட்டது என்பது எனக்கு விளங்கியது. 70 மில்லிமீட்டர் தோட்டாவில் 32 கிராம் ரவை (சிறு ஈயக் குண்டுகள்) போட்டு இருபது முறை சுட்டால், மறுநாள் சட்டைக்குள் கையை நுழைக்கவே வலிக்கிறது.

ராணிப்பேட்டை சிப்காட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனர், குழல்வாயில் மரை வெட்டி, பக்கவாட்டில் துளைகள் உள்ள மசில் பிரேக் ஒன்றைக் கடைந்து பொருத்தித் தருவதாகச் சொல்கிறார். ரைபிள்களில் அது உதையைப் பாதியாகக் குறைப்பதைக் காணொளிகளில் பார்த்திருக்கிறோம். இதை அனுபவத்தில் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: காட்பாடி, இயந்திரவியல் ஆசிரியர்

துப்பாக்கி சுடுவதில் எனக்குப் பழக்கம் இல்லை. கணக்கு மட்டும் சொல்கிறேன். மசில் பிரேக் என்பது குண்டின் பின்னால் பீறிட்டு வரும் வாயுவைப் பக்கவாட்டிலும் பின்பக்கமாகவும் திருப்பிவிடும் கருவி. வாயுவைத் தவிர வேறெதன் மீதும் அதற்கு அதிகாரம் இல்லை. ஆகவே உங்கள் தோட்டாவின் மொத்த உதையில் வாயுவின் பங்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

32 கிராம் ரவையும் அதற்கும் மருந்துக்கும் நடுவே உள்ள அடைப்பான சுமார் இரண்டரை கிராம் வேட்-உம் நொடிக்கு 400 மீட்டரில் வெளியேறினால் உந்தம் 13.8 அலகு. ஒன்றரை கிராம் வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயு, ரவையைவிட ஒன்றரை மடங்கு வேகத்தில் வெளியேறுவதாக வைத்துக்கொண்டாலும் 0.9 அலகுதான் சேரும். அதாவது வாயுவின் பங்கு பதினாறில் ஒன்று. .30-06 போன்ற ரைபிளில் பத்து கிராமுக்கும் குறைவான குண்டைத் தள்ள மூன்று கிராமுக்கு மேல் மருந்து எரிகிறது. அங்கே வாயுவின் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டிவிடும். ரைபிளில் தோட்டா அமரும் அறையின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு வரை போகும்போது, பன்னிரண்டு போரின் உச்ச வரம்பு 11,500 தான். நீங்கள் காணொளியில் பார்த்த வித்தை ரைபிளுக்கு உரியது.

உங்கள் துப்பாக்கி இப்போது தோளில் இறக்கும் ஆற்றல் ஏறக்குறைய 35 ஜூல். வாயுவின் பங்கு முழுவதும் மறைந்தாலும் அது 31க்குத்தான் வரும். அதே வேகத்தில் 24 கிராம் ரவை உள்ள தோட்டாவுக்கு மாறினால் 21 ஆகிவிடும். சர்வதேசப் போட்டிகளில் தட்டு சுடுபவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவே அந்த 24 கிராம்தான்.

பதில் 2: வேலூர், வழக்கறிஞர்

முந்தைய பதிலில் உள்ள இயற்பியல் எனக்கு எட்டவில்லை, ஆனால் மைத்துனர் என்ற சொல் கவலை அளித்தது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கி என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடங்கும். அவற்றைத் தயாரிக்கவும், பழுதுபார்க்கவும், மாற்றியமைக்கவும் 5ஆம் பிரிவின்படி தனி உரிமம் தேவை. உங்களிடம் இருப்பது வைத்திருப்பதற்கான உரிமம். அது உங்கள் மைத்துனரின் லேத்துக்குப் பொருந்தாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இந்தப் பிரிவை மீறினால் கிடைக்கும் குறைந்தபட்ச தண்டனையே 7 ஆண்டுகள். உதவி செய்ய வந்த மனிதரை அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம். எந்த வேலையாக இருந்தாலும், பழுதுபார்க்கும் உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடம் நேரில் கொண்டுசென்று, அவருடைய பதிவேட்டில் எழுதிச் செய்துகொள்ளுங்கள்.

பதில் 3: கம்மவான்பேட்டை, ஓய்வுபெற்ற ராணுவ ஆயுதப் பராமரிப்பாளர்

சட்டமும் கணக்கும் வேண்டாம் என்றாலும், இரும்பே இந்த வேலைக்கு இடம் தராது. பழைய இரட்டைக்குழலின் வாய்ப்பக்கச் சுவர் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அதில் மரை வெட்டினால் காகிதம்தான் மிஞ்சும். இரண்டு குழல்களும் ஒரே இடத்தில் அடிக்கும்படி சரிபார்த்து ஈயப்பற்று வைத்து இணைக்கப்பட்டவை என்பதால் அங்கே சூடு காட்டுவதும் ஆபத்து. ரவையைக் குவிக்கும் சோக் இருப்பதும் அதே சில அங்குலங்களில்தான். பிரேக்கின் துளை விளிம்பில் பிளாஸ்டிக் வேட் உரசினால் ரவை சிதறும். சத்தமோ பின்னோக்கித் திரும்பி உங்கள் காதையும் அடுத்த தடத்தில் நிற்பவரின் காதையும் தாக்கும்.

நான் உங்களிடம் கேட்க விரும்புவது இரண்டு. முதலாவது, காயம் எங்கே? தோள்குழியிலா, அதற்கு வெளியே மேற்கையிலா, கன்னத்திலா, நடுவிரலிலா? இரண்டாவது, குழலைக் கழற்றிக் கவிழ்த்து, அறையின் அடியில் உள்ள தட்டையான பகுதியில் என்ன முத்திரைகள் இருக்கின்றன என்று பார்த்தீர்களா?

பதில் 4: ஆம்பூர், தோல் தொழில்

எங்கள் ஊர்க்காரன் இதற்குத் தோலைத்தான் சொல்வான், மன்னிக்கவும். தோளில் பதியும் மரப் பின்கட்டையின் மேல் உறைபோல இழுத்து, நாடாவால் கட்டிக்கொள்ளும் தோல் மெத்தை ஒன்றை உள்ளே நுரை ரப்பர் வைத்துத் தைத்துக்கொள்ளலாம். துப்பாக்கியில் ஒரு திருகைக்கூடத் தொட வேண்டாம். என் பெரியப்பா வைத்திருந்தது இருபது ஆண்டுகள் உழைத்தது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. கன்றிய இடம் தோள்குழி அல்ல, அதற்கு வெளியே மேற்கையின் சதையில், நான்கு விரல் அகலத்தில் நீலமாக இருக்கிறது. தந்தையார் ஆறடி உயரம். நான் ஐந்தடி நான்கு அங்குலம். தோல் உறை போட்டால் சரியாகிவிடும் என்று எண்ணுகிறேன்.

குழலைக் கழற்றி, விளக்கெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்துப் பார்த்தேன். பழைய பிசுக்குக்கு அடியில் சாய்சதுரத்துக்குள் 12 என்றும், அதன் அருகே இரண்டரை அங்குலம் என்றும் வெட்டப்பட்டிருக்கிறது. போர் அளவு 12 என்பது புரிகிறது. இரண்டரை எதைக் குறிக்கிறது?

பதில் 5: கம்மவான்பேட்டை, ஓய்வுபெற்ற ராணுவ ஆயுதப் பராமரிப்பாளர்

இனி அந்தத் துப்பாக்கியில் 70 மில்லிமீட்டர் தோட்டாவை ஒன்றுகூடப் போடாதீர்கள். இரண்டரை அங்குலம் என்பது அறையின் நீளம். தோட்டா வழக்கில் அதை 65 மில்லிமீட்டர் என்பார்கள். தோட்டாவின் மேல் அச்சிட்டிருக்கும் நீளம் சுட்டபின் வாய் விரிந்த கூட்டின் நீளம். சுடாத தோட்டாவின் வாய் உட்பக்கமாக மடிக்கப்பட்டிருப்பதால் 70 மில்லிமீட்டர் தோட்டாவும் 65 அறைக்குள் சிரமமில்லாமல் நுழைந்து மூடிக்கொள்ளும். யாருக்கும் சந்தேகம் வராது. சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் குழல் குறுகத் தொடங்கும் சரிவுக்குள் போய் மடிந்து நிற்கும். ரவையும் வேட்-உம் அந்த இடுக்கு வழியாகத்தான் பிதுங்கி வர வேண்டும். அழுத்தம் ஏறும், உதையும் ஏறும். குறைந்த அழுத்தத்துக்கென்று சோதித்து முத்திரையிட்ட பழைய குழலில் இது விளையாட்டல்ல. சுட்ட கூடுகளை எடுத்து வாயைப் பாருங்கள். நுனி கந்தலாகவோ இழுபட்டோ இருந்தால் நான் சொல்வது கண்ணுக்கே தெரியும்.

தோல் உறையைப் பற்றி ஆம்பூர் நண்பர் தவறாக எண்ணக் கூடாது. மேற்கையில் கன்றியிருப்பது, கட்டை இவருக்கு நீளம் என்பதைக் காட்டுகிறது. தோள்குழிக்குள் அமராமல் வெளியே நழுவுகிறது. இதன் மேல் உறை மாட்டினால் இன்னும் அரை அங்குலம் நீளும். முதலில் உரிமம் பெற்றவரிடம் கட்டையை அளந்து குறைத்து, குறைத்த நீளத்துக்குள் ரப்பர் மெத்தையும் அடங்கும்படி செய்துகொள்ளுங்கள். வெட்டிய மரத்துண்டைப் பத்திரமாக வைத்திருங்கள். உயரமான பிள்ளை பிறந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்

சுட்ட கூடுகள் பதினோரு எண்ணம் பையில் கிடந்தன. ஏழில் வாய் நுனி கிழிந்து, சீப்புப் பல்லைப் போல நிற்கிறது. இதுவரை நான் அதை வழக்கமான தேய்மானம் என்றே எண்ணியிருந்தேன். தோட்டா கொடுத்தவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குழலை அளந்து பார்க்கவும் கட்டையைக் குறைக்கவும் வரும் வாரம் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பாளரிடம் செல்கிறேன். 65 மில்லிமீட்டரில் எடை குறைந்த ரவைத் தோட்டாக்களுக்கும் சொல்லியிருக்கிறேன். மீதமிருக்கும் இரண்டு பெட்டி 70 மில்லிமீட்டர் தோட்டாக்களைக் கிளப் நண்பருக்குக் கொடுத்துவிடலாமா?

பதில் 6: வேலூர், வழக்கறிஞர்

கைமாற்றாகக் கொடுக்காதீர்கள். வாங்கிய விற்பனையாளரிடமே உரிமப் புத்தகத்துடன் சென்று, திருப்பி எடுத்துக்கொள்ளும்படி கேட்டு, எண்ணிக்கையை இரு பக்கமும் பதிந்து வாங்குங்கள்.