குமாமோட்டோ கோட்டை: விழப்போன காவல் கோபுரத்தை ஏன் தாங்கிப் பிடித்தார்கள்?

ஊர்சுற்றி:
ஜப்பானின் குமாமோட்டோ கோட்டையில் 2016 ஏப்ரல் நிலநடுக்கத்துக்குப் பிறகு எடுத்த படம் ஒன்று பார்த்தேன். ஈடாமாரு ஐந்தடுக்குக் காவல் கோபுரத்தின் அடியில் கற்சுவர் சரிந்து, மூலையில் ஒற்றை வரிசைக் கற்கள் மட்டும் நிற்கின்றன. அதன் மேல் கோபுரம்! அதுவோ 2005-இல் மறுபடி கட்டியதுதானாம். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கலாமே? அந்த மூலை மட்டும் எப்படி நின்றது?

அடித்தளம்:
எனக்குக் கட்டுமான வேலை, இருப்பது ஃபுகுவோகாவில். குமாமோட்டோவுக்கு அடிக்கடி போய்ப் பார்க்கிறேன்.

மூலை நின்றதற்குக் காரணம் அடுக்கிய விதம். அங்கே நீளமான செவ்வகக் கற்களை ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி நீட்டி வைத்திருக்கிறார்கள். மேல்கல் கீழ்க்கல்லைக் குறுக்கே அழுத்திப் பிடித்துக்கொள்ளும். நடுச்சுவரில் அந்தப் பிடிப்பு கிடையாது. முகப்பில் பெரிய கல், பின்னால் கைக்கடக்கமான சிறு கற்கள், அதற்கும் பின்னால் மண். சுண்ணாம்புப் பூச்சுகூட இல்லை. 14-ஆம் தேதி இரவு ஒரு குலுக்கல், 16-ஆம் தேதி விடியுமுன் 7.3 அளவில் இன்னொன்று. சுவர் பிதுங்கிக் கொட்டிவிட்டது.

இடித்துத் தள்ளலாம், சரி. எதன் மேல் தள்ளுவது? கீழே கிடந்தவை காட்டோ கியோமாசா என்ற சிற்றரசர் 1607-இல் கட்டி முடித்த கோட்டையின் கற்கள். கோபுரம் விழுந்தால் அவை உடையும், நின்ற மூலையும் போகும். அதனால் பக்கத்திலிருந்து ராட்சத இரும்புச் சட்டகத்தை நீட்டி, ஆட்கள் அடியில் போகாமலே கோபுரத்தைத் தாங்கினார்கள். கோபுரத்தை 2018-இல்தான் பிரித்தெடுத்தார்கள். என்னைக் கேட்டால், இந்தக் கோட்டையில் நடந்த மிகச் சிறந்த வேலை அதுதான்.

ஊர்சுற்றி:
விழுந்த கல் எது எந்த இடத்தது என்று எப்படித் தெரியும்?

அடித்தளம்:
ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டு, மைதானத்தில் வரிசையாகப் பரப்பி வைத்தார்கள். பழைய படங்களோடு முகப்பின் வடிவத்தை ஒப்பிட்டு இடம் கண்டுபிடிக்கிறார்கள். நிலநடுக்கத்துக்கு முன்பே கோட்டையின் மெய்நிகர் காட்சிக்காக ஏராளமான படங்கள் எடுத்திருந்தார்கள். அவை பெரிய உதவி. குமாமோட்டோ பல்கலைக்கழகத்தார் கணினியில் பொருத்திப் பார்க்கவும் வழி செய்தார்கள்.

வடமேற்கு மூலை:
போகிறவர்கள் அதே கோட்டையில் உள்ள உட்டோ கோபுரத்தை மறக்காதீர்கள். 1877 உள்நாட்டுப் போரின்போது பிரதான கோபுரம் எரிந்தது. இப்போது நிற்பது 1960-இல் கட்டிய கான்கிரீட். உட்டோ அந்தத் தீக்குத் தப்பிய அசல் மரம். 2016-இல் அதை ஒட்டிய நீள்கூடம் விழுந்தது, ஐந்தடுக்கு உட்டோ நின்றது. 1927 பழுதுபார்ப்பில் உள்ளே இரும்புச் சட்டங்கள் கொடுத்தது கைகொடுத்தது என்கிறார்கள். இப்போது கொட்டகை போட்டு மூடி வேலை நடக்கிறது. முழுக் கோட்டையும் முடிய 2052 ஆகுமாம். முன்பு 2037 என்றார்கள். ரொம்பத் தாமதம் இல்லையா?

அடித்தளம்:
இல்லை. அவசரப்பட்டு அடுக்கினால் அடுத்த குலுக்கலில் மறுபடி கொட்டும். இன்னும் பத்து ஆண்டு கேட்டாலும் கொடுக்கலாம்.