ஓராண்டு உடுத்தாத உடுப்பை அலுமாரியில் வைத்திருக்கலாமா?

கல்லடி இல்லத்தரசி

மாரி முடிந்து அலுமாரியைத் திறந்தால் எத்தனை வீடுகளில் அந்தப் பூஞ்சண நாற்றம் முகத்தில் அடிக்கிறது! கல்லடியில் எங்களுக்கு ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். காற்றின் ஈரப்பதன் 70 சதவீதத்தைத் தாண்டி நின்றால் துணியில் பூஞ்சணம் பிடிக்கும். மாரி காலத்தில் இங்கே அதற்கும் மேலேதான் நிற்கிறது. பிதுங்க அடைத்த அலுமாரிக்குள் காற்றுக்கு வழியேது? சுவர்ப்பக்கத் தட்டில், அடியில் கிடக்கும் சட்டைதான் முதலில் கெடுகிறது. அதை எவரும் தொடுவதில்லை, ஆகவே தெரிவதுமில்லை. தெரிய வரும்போது மேலே கிடந்த நல்ல உடுப்பும் போய்விட்டது.

ஓராண்டாக உடுத்தாத எதையும் வீட்டில் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. "கிடந்துவிட்டுப் போகட்டும்" என்று அம்மாமார் சொல்லும் பேச்சை இனிக் கேட்கக் கூடாது. மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

மருதமுனை நெசவு வீட்டுப் பெண்

காரணத்தோடே வருகிறேன், தங்கச்சி. பெருநாளுக்கும் கலியாண வீட்டுக்கும் உடுத்தும் சேலையை ஓராண்டுக் கணக்கில் எப்படி அளப்பீர்கள்? இரண்டு வருடம் வீட்டில் ஒரு விசேஷமும் வராமல் போகலாம். அதற்காகக் கைத்தறிச் சேலையைத் தூக்கிக் கொடுத்துவிடுவதா? நூலுக்குச் சாயம் போட்டு, பாவு ஓடி, இழை இழையாக அச்சில் கோர்த்து, அதன் பிறகே தறியில் ஏற்றி நெய்கிறார்கள். எங்கள் ஊரில் அந்த வேலையைக் கண்ணால் கண்டு வளர்ந்தவள் நான். 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகு மலிவுத் துணியோடு போட்டியிட்டு, 2004இல் சுனாமியில் அடிபட்டு, அதற்குப் பிறகும் நிற்கிற தொழில் அது.

அலுமாரியில் கெடுவதற்குக் காரணம் அதிகம் வைத்திருப்பது மட்டுமல்ல, வைக்கும் விதமும்தான். கடையில் தந்த பொலித்தீன் பையோடு சேலையை வைக்கிறோம். ஈரம் உள்ளேயே அடைபட்டுப் புழுங்குகிறது. பழைய பருத்திச் சாரத்தைத் துவைத்துக் காயவைத்து அதில் சுற்றி வையுங்கள். பாரமான கைத்தறியைக் கொழுவித் தொங்கவிட்டால் இழுபட்டு வடிவம் போய்விடும், மடித்துத்தான் வைக்க வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து, பழைய மடிப்பில் விழாமல் வேறு இடத்தில் மடியுங்கள். ஒரே மடிப்பில் கிடந்த சேலையை விரித்துப் பாருங்கள்: மடிப்பு ஓடிய கோட்டில் மட்டும் நிறம் வெளிறி, சரிகை முறிந்து, நூல் மயிர்போலக் கிளம்பி நிற்கும். நீண்ட நாள் வைக்கப்போகும் துணிக்குக் கஞ்சியும் போடாதீர்கள். இராமபாணப் பூச்சிக்குக் கஞ்சிதான் சாப்பாடு.

கல்லடி இல்லத்தரசி

ராத்தா, கைத்தறியைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லையும் மறுக்க மாட்டேன். ஆனால் நம் அலுமாரிகளில் அடைத்துக் கிடப்பது கைத்தறியா? மலிவு விற்பனையில் வாங்கிய பொலியெஸ்டர் சட்டைகள், இடுப்பு இறுகிப்போன பாவாடைகள், கிணற்றுத் தண்ணீரில் மஞ்சளித்த பாடசாலைச் சீருடைகள். இவற்றுக்கு நடுவில்தான் உங்கள் பெருநாள் சேலை மூச்சுவிடாமல் கிடக்கிறது. வேண்டாததை எடுத்தால்தான் வேண்டியது பிழைக்கும். தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தால் புண்ணியமுமாகும்.

காரைதீவு ஓய்வுபெற்ற ஆசிரியர்

மகள், கொடுப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரைக்கு வந்த உடுப்பு மூட்டைகளை நான் பிரித்திருக்கிறேன். குளிர் நாட்டுத் தடித்த மேலங்கிகள், பொத்தான் இல்லாத சட்டைகள், கறை படிந்தவை. எல்லாவற்றையும் இழந்து நின்ற மனிதரின் கையில் அவற்றைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வாங்குகிறவருக்கும் மானம் உண்டு. கொடுப்பதானால் துவைத்து, பொத்தான் தைத்து, ஸ்திரி போட்டுக் கொடுங்கள். அப்படிக் கொடுக்க மனம் வராத உடுப்பு கொடுக்கத் தகாதது.

பழைய பருத்திச் சாரமும் நூல் சேலையும் கிழியும்வரை வேலைக்கு உதவுபவை. ஏணை கட்டலாம், பிள்ளைக்கு விரிக்கலாம், கடைசியில் அடுப்படித் துணியாகும். பொலியெஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது, துடைக்கவும் உதவாது. ஆகவே வேண்டாததைக் கழிக்கும் வேலை கடையிலேயே, வாங்கும்போதே தொடங்க வேண்டும்.

ஓராண்டு விதியையும் நான் ஏற்கவில்லை. வைகாசிக் குளிர்த்திச் சடங்குக்கு அம்மன் கோயிலுக்கு உடுத்தும் வேட்டியை, வீட்டில் துடக்கு வந்த ஆண்டில் நான் உடுத்துவதில்லை. அதற்காக அது வேண்டாத பொருளாகுமா?

காத்தான்குடி இளைஞன்

இவ்வளவு வாதம் எதற்கு? தட்டுக்கு நாலு பூச்சி உருண்டை போட்டால் முடிந்தது. எங்கள் வீட்டில் குழந்தையின் உடுப்புக்குக்கூட அதுதான்.

களுவாஞ்சிக்குடித் தாதி

தம்பி, குழந்தையின் உடுப்பிலிருந்து அதை இன்றே எடுத்துவிடுங்கள். நப்தலீன் உருண்டையோடு வைத்த உடுப்பையும் போர்வையையும் பச்சிளம் குழந்தைக்குப் போட்டு, இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, மஞ்சட்காமாலை கடுமையான சம்பவங்கள் மருத்துவ நூல்களில் பதிவாகியுள்ளன. ஜீ6பீடீ என்ற நொதியம் பிறப்பிலேயே குறைந்த குழந்தைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். வெளியில் பார்த்து எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை உண்டென்று சொல்ல முடியாது. அந்த உருண்டை கிடந்த பெட்டியில் குழந்தையின் துணியை வைக்கவே வேண்டாம். சின்னப் பிள்ளைகள் அதை இனிப்பென்று நினைத்து வாயில் போடுவதும் உண்டு.

இன்னொன்று: பூச்சி உருண்டை ஈரத்தை எடுக்காது. அது துணி அந்துக்குப் போடுவது. அந்தின் புழு தின்பது கம்பளியும் பட்டும். கழுவிய பருத்தியை அது பெரும்பாலும் நாடுவதில்லை. நம் அலுமாரிக்குத் தேவை உலர்வுதான். ஸ்திரி போட்ட சூட்டோடு உடுப்பை அடுக்காதீர்கள், அதில் ஆவி இருக்கிறது, ஆறவிடுங்கள். ஒருமுறை உடுத்திய உடுப்பை வியர்வையோடு திரும்ப உள்ளே வைக்காதீர்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

மஞ்சளித்த சீருடைகளைக் கழிக்கும் முன்னும் யோசியுங்கள். நம் பக்கத்துக் கிணறு பலவற்றில் இரும்பு கலந்திருக்கிறது. அந்தக் காவிக் கறைக்கு வெளுக்கும் குளோரின் திரவத்தை ஊற்றினால் கறை இன்னும் இறுகும். தேசிக்காய்ச் சாறும் உப்பும் தேய்த்து, சிறிது நேரம் வெயிலில் வைத்து, நன்றாக அலசுங்கள். கடைசி அலசலுக்கு மழைத் தண்ணீர் இருந்தால் மிக நல்லது.

கல்லடி இல்லத்தரசி

சீருடைக்குச் சொன்னதைச் செய்து பார்க்கிறேன். ஆசிரியர் ஐயாவும் ராத்தாவும் சொன்னதற்காக விசேஷ உடுப்புகளை என் விதியிலிருந்து விலக்கிவிடலாம். அன்றாட உடுப்புக்கு மட்டும் ஓராண்டு என்பதில் மாற மாட்டேன். "மெலிந்தால் போடலாம்" என்று வைக்கும் சட்டைக்கு என் அலுமாரியில் இடமில்லை.

மருதமுனை நெசவு வீட்டுப் பெண்

அன்றாட உடுப்பிலும் எனக்கு உடன்பாடில்லை. தையல் பிரித்து இடுப்பை விட்டால் இன்னும் சில வருடம் உழைக்கும் பாவாடையை ஏன் கழிக்க வேண்டும்? தையலுக்கு உள்ளே மடித்துவிட்ட மிச்சத் துணி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு முடிவெடுங்கள்.

காத்தான்குடி இளைஞன்

குழந்தையின் பெட்டியிலிருந்து உருண்டைகளை எடுத்துவிட்டோம். உம்மாவின் பட்டுச் சேலையை வெயிலில் போடலாமா?

மருதமுனை நெசவு வீட்டுப் பெண்

நேர் வெயில் வேண்டாம், தம்பி. பட்டு மஞ்சளிக்கும், சாயமும் வெளிறும். பருத்தியை வெயிலில் போடுங்கள். பட்டை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, விறாந்தை நிழலில் கொடியில் விரியுங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று காய்ந்து வீசும் பகலில் ஒரு பொழுது விட்டால் போதும். மாரி தொடங்குமுன் புரட்டாதியிலும் ஒருமுறை செய்யுங்கள். கொடி இரும்புக் கம்பியாக இருந்தால் துரு பிடிக்கும், அடியில் ஒரு பழைய துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள்.