பலகையில் ‘ராமேஸ்வரம்’ என்று மட்டும் போட்டால் போதுமா?

மெயின்லைன்மகள்:

என் மாமாவுக்கு 68 வயது. போன வாரம் சென்னையிலிருந்து கும்பகோணத்துக்குக் கிளம்பினார். கும்பகோணம் வழியாக ராமேஸ்வரம் போகிற போட் மெயிலில் எஸ்4 பெட்டி, கீழ்ப் படுக்கை, எல்லாம் உறுதியான சீட்டு. சீக்கிரமே போய்விடுகிற மனிதர். நிலையத்தில் பலகையைப் பார்த்தார். ‘ராமேஸ்வரம்’ என்று ஓடியது, நடைமேடை எண்ணும் இருந்தது. பக்கத்தில் நின்றவரிடம் “ராமேஸ்வரம் வண்டிதானே?” என்று கேட்டார், அவரும் “ஆமாம்” என்றார். ஏறிவிட்டார்.

அது சேது எக்ஸ்பிரஸ். அதுவும் ராமேஸ்வரம்தான் போகிறது, ஆனால் விருத்தாசலம் வழியாகக் கார்டு லைன் என்கிற குறுக்குப் பாதையில். கும்பகோணம் பக்கமே எட்டிப் பார்க்காது. செங்கல்பட்டு தாண்டி, “இது என் இடம்” என்று ஒருவர் வந்து நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. வழியில் ஒரு சந்திப்பில் இறங்கி, பின்னால் வந்த போட் மெயிலுக்காகக் காத்திருந்தார். அங்கே பெட்டி காட்டும் பலகையில் எஸ்4 எரிந்த இடத்தில் போய் நின்றார். வண்டி வந்தபோது பெட்டிகள் தலைகீழ் வரிசையில் இருந்தன. எஸ்4 அந்தக் கோடியில். மாமா ஓடியிருக்கிறார். நடுவில் முட்டி பிசகி, கிடைத்த பெட்டியில் யாரோ கைகொடுத்து ஏற்றிவிட்டார்கள். இப்போது முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

பலகையில் ‘ராமேஸ்வரம் – வழி கும்பகோணம்’, ‘ராமேஸ்வரம் – வழி விருத்தாசலம்’ என்று போட என்ன தடை? 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்தபோது தாம்பரத்திலிருந்து இன்னொரு ராமேஸ்வரம் வண்டியும் வந்துவிட்டது. அது திருவாரூர், பட்டுக்கோட்டை வழி. ஆக ஒரே ஊர்ப் பெயரில் மூன்று பாதை. இதைப் பற்றி ஒரு மனு எழுதப்போகிறேன். கருத்துச் சொல்லுங்கள்.

பச்சைக்கொடி:

அம்மா, மாமா சீக்கிரம் குணமாகட்டும். நான் 31 வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன். பலகையில் தவறு எதுவும் இல்லை. ராமேஸ்வரம் போகிற வண்டிக்கு ராமேஸ்வரம் என்றுதான் போடுவார்கள். சீட்டில் ஐந்து இலக்க வண்டி எண் அச்சடித்திருக்கிறது. 2010 டிசம்பர் 20 முதல் எல்லாப் பயணிகள் வண்டிக்கும் ஐந்து இலக்கம்தான். பலகையில் எண், அறிவிப்பிலும் முதலில் “வண்டி எண்” என்றுதான் தொடங்குகிறது. எண்ணைப் பார்க்காமல் ஊர்ப் பெயரை மட்டும் பார்த்து ஏறினால் பலகை என்ன செய்யும்?

தூங்காநகரத்தான்:

சார், எண்ணை எல்லாரும் பார்க்க வேண்டும் என்பது சரி. ஆனால் பாண்டியன் எக்ஸ்பிரஸ் சென்னையிலிருந்து வரும்போது 12637, மதுரையிலிருந்து போகும்போது 12638. கடைசி இலக்கம் ஒன்றுதான் வித்தியாசம். திருச்சியில் நடு இரவில், தூக்கக் கண்ணோடு பார்க்கிறவருக்கு இது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. அதிலும் எங்கள் பக்கம் ஒரு நிலையத்தில் 8 என்ற எழுத்தின் மேல் வலது மூலைப் புள்ளிகள் பல மாதமாக எரியவில்லை. 8 எல்லாம் 6 ஆகத் தெரியும். நான் கண்ணால் பார்த்தது. அப்படிப்பட்ட பலகையை நம்பி “எண்ணைப் பார்” என்றால் எப்படி?

பச்சைக்கொடி:

புள்ளி எரியாதது பராமரிப்புக் குறை. அதைப் புகார் செய்ய வேண்டும், மறுக்கவில்லை. நான் சொல்வது வேறு. பலகையில் கிடைக்கும் இடம் கொஞ்சம். அதில் எண், பெயர், நேரம், தாமதம், நடைமேடை, இவ்வளவும் மூன்று மொழியில் மாறி மாறி வர வேண்டும். அதில் ‘வழி’ என்று இன்னொன்றைச் சேர்த்தால் எழுத்து இன்னும் சின்னதாகும், அல்லது பக்கம் இன்னும் மெதுவாக மாறும். இப்போதே தமிழ்ப் பக்கம் திரும்பி வருவதற்குள் வண்டி வந்துவிடுகிறது என்று நீங்கள்தான் குறை சொல்வீர்கள்.

மெயின்லைன்மகள்:

அந்தக் குறையைச் சொல்லத்தான் போகிறேன்! ஒரு முறை நின்று எண்ணிப் பார்த்தேன். தமிழ்ப் பக்கம் போய், இந்தி, ஆங்கிலம் வந்து, பிறகு விளம்பரம் வந்து, மறுபடி தமிழ் வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. வந்த தமிழிலும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். ‘கோ’ என்பது மூன்று துண்டாக நிற்கிறது. விளம்பரத்துக்கு இடம் இருக்கிறது, ‘வழி கும்பகோணம்’ என்ற இரண்டு சொல்லுக்கு இடம் இல்லையா?

எல்லா வண்டிக்கும் வழி போடச் சொல்லவில்லை. சில மணி நேரத்துக்குள் ஒரே ஊருக்கு வேறு வேறு பாதையில் வண்டி கிளம்பினால் மட்டும் போடட்டும்.

கரிகாலன்77:

எல்லாரும் கைபேசியில் செயலியைப் பார்க்கிற காலம் இது. வண்டி எங்கே இருக்கிறது, எந்த நடைமேடை, எல்லாம் அதிலேயே வருகிறது. பலகைக்காக இவ்வளவு சண்டை வேண்டுமா?

மெயின்லைன்மகள்:

தம்பி, என் மாமாவிடம் இருப்பது பொத்தான் வைத்த போன். அவரைப் போல எத்தனை பேர் பொதுப் பெட்டிக்கு மூட்டையோடு நிற்கிறார்கள் என்று ஒரு நாள் போய்ப் பாருங்கள். அவர்களுக்குப் பலகைதான் எல்லாம்.

செவிவழி:

எனக்குப் பார்வை இல்லை. பலகை எனக்குப் பயன்படாது, அறிவிப்புதான் கதி. கைபேசி படித்துக் காட்டும்தான், ஆனால் அதில் வரும் நடைமேடை எண்ணும் வண்டி உண்மையில் வந்து நிற்கும் நடைமேடையும் ஒன்றாக இல்லாமல் இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன். என் பிரச்சினை, கடைசி நேர மாற்றம். “மூன்றாவது நடைமேடைக்குப் பதிலாக ஐந்தாவது” என்று ஒரே ஒரு முறை சொல்கிறார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு சரக்கு வண்டி கடந்து போனால் தீர்ந்தது. கேட்டாலும், மேம்பாலம் ஏறி இறங்க எனக்கு ஆள் துணை வேண்டும். அந்தத் துணை ஐந்து நிமிடத்தில் கிடைக்காது. ஒரு முறை அறிவித்த நடைமேடையை மாற்றவே கூடாது என்று மனுவில் சேருங்கள், அக்கா.

பச்சைக்கொடி:

ஐயா, உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் ‘மாற்றவே கூடாது’ என்பதை என்னால் ஏற்க முடியாது. உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

நடைமேடை 3க்கு ஒரு வண்டி என்று திட்டம். அதற்கு முன் அங்கே வந்து நிற்கும் வண்டியில் இன்ஜின் கோளாறு, கிளம்பவில்லை. பின்னால் வருவது 24 பெட்டி வண்டி. எல்லா நடைமேடையும் அவ்வளவு நீளம் இல்லை. பெட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் வசதியும் எல்லா இடத்திலும் இல்லை. காலியாக இருப்பது 5. நான் என்ன செய்வேன்? நிலையத்துக்கு வெளியே சிக்னலில் நிறுத்தி வைத்தால் அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு வண்டி நிற்கும். தண்டவாளம் பிரிகிற பாயின்டைத் திருப்பி, வண்டியை 5க்கு வாங்குவேன். அப்புறம்தான் அறிவிப்பாளருக்குச் சொல்வேன். பாதையும் சிக்னலும் சரியாக அமைவதுதான் என் முதல் கடமை. பலகை அதற்கு அடுத்துத்தான். சின்ன நிலையங்களில் ஒரே ஆள் போனும் பார்த்து, கணினியில் விவரமும் தட்ட வேண்டியிருக்கும்.

தூங்காநகரத்தான்:

சார், பலகையும் பாதுகாப்புதான். 2025 பிப்ரவரி 15 இரவு புது தில்லி நிலையத்தில் நடந்ததை மறந்துவிடக்கூடாது. கும்பமேளாவுக்குப் போகிற கூட்டம். 14ஆம் நடைமேடையில் பிரயாக்ராஜ் எக்ஸ்பிரஸ். 16க்குப் பிரயாக்ராஜ் ஸ்பெஷல் வருகிறது என்று அறிவிப்பு. பெயர்கள் ஒன்றுபோல் இருந்ததால், தங்கள் வண்டிதான் இடம் மாறிவிட்டது என்று 14க்குப் போக வேண்டியவர்கள் நினைத்துக் குழம்பினார்கள் என்று தில்லிக் காவல்துறை சொன்னது. 18 பேர் செத்தார்கள். கூட்டம் ஓடும்போது எண்ணையா பார்த்துக்கொண்டு நிற்கும்?

பச்சைக்கொடி:

அந்தச் செய்தியை முழுதாகச் சொல்லுங்கள் தம்பி. அதே ஆண்டு ஆகஸ்டில் மாநிலங்களவையில் ரயில்வே அமைச்சர் எழுத்தில் கொடுத்த பதில் வேறு. இரவு 8.48க்கு, மூன்றாம் நடைமேம்பாலப் படிக்கட்டில் ஒரு பயணியின் தலைச்சுமை விழுந்தது, அதில் இடறி நெரிசல் ஆனது என்றுதான் சொன்னார். அன்றைக்கு அறிவித்தது நடைமேடை மாற்றமும் இல்லை, வேறொரு வண்டியின் வருகைதான். அதை வைத்து நடைமேடை மாற்றத்தையே குற்றம் சொல்ல முடியாது.

தூங்காநகரத்தான்:

பதிலை நானும் படித்தேன். மூட்டை விழுந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் இரண்டு வண்டிக்கும் ‘பிரயாக்ராஜ்’ என்று பெயர் வைத்து, கிட்டக்கிட்ட இருக்கிற நடைமேடைகளில் விட்டு, அத்தனை கூட்டத்துக்கு நடுவில் அறிவிப்பது சரியா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

பச்சைக்கொடி:

சரி இல்லை. சிறப்பு வண்டிக்கு வேறு பெயர் வைத்திருக்க வேண்டும், அல்லது எண்ணைப் பெரிதாக எழுதிக் கையில் பிடித்துக்கொண்டு ஆள் நின்றிருக்க வேண்டும். சிறப்பு வண்டியின் எண் பூஜ்யத்தில் தொடங்கும். அந்த ஒரு அடையாளத்தைக்கூட யாரும் மக்களுக்குச் சொல்லித் தருவதில்லை. இதை நான் பணியில் இருந்தபோதே கூட்டங்களில் சொன்னவன்.

பெட்டி காட்டும் பலகை விஷயத்திலும் மாமா பக்கம்தான் நியாயம். பெட்டிகள் எந்த வரிசையில் வருகின்றன என்பது வண்டி கிளம்பிய இடத்திலேயே தெரியும். வழியில் இன்ஜின் திசை மாறினாலும் தெரியும். இரண்டு நிமிடம் நிற்கிற வண்டிக்கு அதைத் தப்பாகக் காட்டுவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. தெரியாவிட்டால் பலகையை அணைத்து வைக்கட்டும். வெறும் பலகையைப் பார்த்தால் ஆள் நடு நடைமேடையில் நிற்பார், எந்தக் கோடிக்கும் பாதி தூரம்தான்.

செவிவழி:

ஐயா, நடைமேடை மாறியே ஆக வேண்டும் என்றால், மாற்றியதைச் சொன்னபின் வண்டியைக் கூடுதலாகப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

பச்சைக்கொடி:

பத்து நிமிடம் என்பது பெரிய சந்திப்பில் மலை. ஐந்து என்றால் பேசலாம்.

மெயின்லைன்மகள்:

மனுவை இப்படி எழுதியிருக்கிறேன். ஒன்று, எண் பெரிய எழுத்தில், பெயருக்கு முன்னால். இரண்டு, ஒரே ஊருக்குப் பல பாதை இருந்தால் ‘வழி’. மூன்று, தமிழ்ப் பக்கம் விளம்பரத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. நான்கு, பெட்டி வரிசை உறுதியாகத் தெரியாவிட்டால் அந்தப் பலகை அணைந்திருக்க வேண்டும், இது பச்சைக்கொடி ஐயா சொன்னது. ஐந்து, நடைமேடை மாறினால் மூன்று முறை அறிவிப்பு, வண்டி கூடுதலாகப் பத்து நிமிடம் நிற்க வேண்டும்.

பச்சைக்கொடி:

முதல் நான்குக்கும் என் கையெழுத்து உண்டு. ஐந்தாவதில் பத்தை ஐந்தாக மாற்றுங்கள்.

மெயின்லைன்மகள்:

ஐயா, மாமா இன்று காலையில் கட்டிலிலிருந்து குளியலறைக்கு நடக்கவே நான்கு நிமிடம் ஆனது. பத்துதான்.