லண்டன் மருமகனின் கிட்டார்

குன்னூர் தச்சன்:
மழைக்காலத்தில் கழுத்து வளையும் கிட்டார்களைச் சரிசெய்து பிழைப்பவன் நான். கூடலூர்ப் பழைய வீட்டு ஈட்டி மரக் கதவை இழைத்து, அக்கா மகனின் கிட்டாருக்கு ஃபிங்கர்போர்டு (விரல் அழுத்தும் பலகை) போட்டிருக்கிறேன். அவன் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். பிரான்ஸ், ஜெர்மனியில் வாசிக்கப் போகிறான். சுங்கத்தில் பிடுங்கிக்கொள்வார்களா?

கோத்தகிரி பேஸ்:
மாட்டார்கள் அண்ணே. ஈட்டியில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 முதல் சைட்டிஸ் (அரிய உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) விலக்கு உண்டு. தந்தம், பிரேசில் ரோஸ்வுட் மரம் போன்றவை இருந்தால்தான் சான்றிதழ். கையோடு கொண்டுபோனால் கார்னேயும் (பொருளைத் தற்காலிகமாகக் கொண்டுபோகும் சுங்க ஆவணம்) வேண்டாம். சரக்காக அனுப்பினால் வேண்டும்.

லண்டன்வாழ் ஊட்டிக்காரி:
கிட்டாரை விடுங்கள், தங்கும் நாட்களை எண்ணச் சொல்லுங்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு 2021 முதல் ஷெங்கனில் (பிரான்ஸ், ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பியப் பொது விசாப் பகுதி) 180 நாளுக்கு 90 நாள்தான். காசு வாங்கி வாசிக்க அனுமதி நாட்டுக்கு நாடு வேறு. நாங்கள் டிரம்ஸை அங்கேயே வாடகைக்கு எடுத்துவிடுவோம்.

குன்னூர் தச்சன்:
சரி. ஆனால் நட்டுக்கு (கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் துண்டு) தாத்தா வீணையின் தந்தத் துண்டை அல்லவா வைத்திருக்கிறேன்! இன்னும் அனுப்பவில்லை.

கோத்தகிரி பேஸ்:
ஐயோ, இன்றே கழற்றி மாட்டெலும்பு போடுங்கள்.