செடித் தொட்டிக்குள்ளை விட ஒரு சின்னப் பாம்பு?

கொக்குவில்_பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம். முந்தி மீன் வளர்த்த நாலடிக் கண்ணாடித் தொட்டி ஒண்டு சும்மா கிடந்தது. அடியிலை உடைஞ்ச ஓடும் கரியும், மேலை தும்புச்சோறும் மணலும் கலந்து போட்டு, மணி பிளாண்ட், பன்னம், பாசி எல்லாம் வச்சன். மாரி முடிய நட்டது, இப்ப நல்லாப் பிடிச்சிட்டுது. கிணத்துத் தண்ணி விசிறினால் கண்ணாடியிலை வெள்ளையாய்ப் படியுது எண்டு மழைத்தண்ணிதான் விசிறுறன்.

இனி அதுக்கை ஒரு சின்னப் பாம்பு விட ஆசை. இரண்டடிக்கு மேலை வளரக்கூடாது, செடியை நாசமாக்கக்கூடாது, கடிச்சால் பெரியாஸ்பத்திரிக்கு ஓடவும் கூடாது. வேலியிலை வாற பச்சைப் பாம்பு சரிவருமோ? அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை.

சுன்னாகம்77:
முதல் அம்மாவிட்டைச் சொல்லிப்போட்டு வந்து கேளும்.

வேலியோரம்:
தம்பி, சட்டத்தை முதல் சொல்லிப்போட்டு மற்றதுக்கு வாறன். இலங்கையிலை 1937இலை வந்த விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் திருத்தங்களோடை இண்டைக்கும் நடைமுறையிலை இருக்கு. எங்கட நாட்டுப் பாம்புகளிலை அனேகமானதை அனுமதியில்லாமல் பிடிச்சு வச்சிருக்க ஏலாது. வெளிநாட்டுப் பாம்பு இறக்கவும் அனுமதி வேணும்.

சட்டம் இல்லையெண்டாலும் பச்சைப் பாம்பை நான் வேண்டாம் எண்டுதான் சொல்லுவன். அது இரண்டடியிலை நிக்காது, நாலடி வரும். தின்னுறது உயிரோடை ஓடுற ஓணான், பல்லி, தவளை. செத்த எலிக்குஞ்சைக் குறட்டிலை பிடிச்சு ஆட்டினாலும் அனேகமாய்த் திரும்பிப் பாராது. கண்ணாடி எண்டொரு சாமான் இருக்கெண்டு அதுக்கு விளங்காது. அந்த நீட்டு மூக்கை இடிச்சு இடிச்சுப் புண்ணாக்கிப்போடும். எங்கட கிளுவை வேலியிலை ஒண்டு வாறது. கிட்டப்போய்ப் பார்த்தால் கண்மணி குறுக்காலை கிடக்கும், சாவித்துவாரம் மாதிரி. காத்துக்குக் கொப்பு ஆடினால் தானும் சேர்ந்து ஆடும். கண்ணைக் கொத்தும் எண்டுறது சும்மா கதை. கொம்பேறி மூக்கன் சுடலைப் புகை பார்க்க மரத்திலை ஏறும் எண்டு சனம் சொல்லுறமாதிரித்தான். பாவம், கொம்பேறி மூக்கன் விஷமே இல்லாத பாம்பு.

நான் பயப்பிடுறது வேறை ஒண்டுக்கு. "சின்னன்தானே" எண்டு வளவிலை அகப்படுறதைத் தூக்கிப்போடுவீரோ எண்டுதான். விஷமில்லாத ஓநாய்ப் பாம்பையும், கட்டு விரியன் எண்டும் சொல்லுற கொடிய விஷமுள்ள எண்ணெய் விரியனையும் ரோச் வெளிச்சத்திலை மாறிப்போடுவீர். ஓநாய்ப் பாம்புக்கு வெள்ளைப் பட்டி கழுத்தடியிலை எடுப்பாய்த் தொடங்கி வாலுக்குப் போகப்போக மங்கும். விரியனுக்கு மறுவளம்: தலைப்பக்கம் மங்கல், வால்பக்கம் தெளிவு. இதை வாசிச்சுப்போட்டு கையிலை தூக்கிச் சரிபார்க்க வெளிக்கிடாதையும்! விரியன் கடிச்சால் வீக்கமும் பெரிசாய் இராது, நோவும் தெரியாது. நித்திரையிலை கடிபட்ட ஆள் விடியக் கண்மடலைத் தூக்க ஏலாமல் கிடப்பார். சுருட்டை எண்ட விஷப் பாம்பையும் இப்பிடித்தான் மாறிப்போடுவீர், ஒரு அடி, ஒன்றரை அடிப் பாம்பு. வடக்கிலை மணல் பாங்கான இடமெல்லாம் இருக்கு. பூனைப் பாம்பெண்டு நினைச்சு அதிலை கை வச்ச ஆக்கள் இருக்கினம்.

உண்மையிலை உம்மட தொட்டிக்கை ஏற்கெனவே ஒரு பாம்பு இருந்தாலும் இருக்கும். பூச்சாடி மண்ணைக் கிண்டேக்கை புழு மாதிரி கறுப்பாய், மினுமினுப்பாய் வழுக்கி ஓடுறதைக் கண்டனீரோ? புழுப்பாம்பு. ஒரு சாண் கூட வராது. எறும்பு, கறையான் முட்டைதான் சாப்பாடு. அதிலை ஆணே இல்லை, எல்லாம் பெட்டை. ஆண் இல்லாமலே முட்டை இடும். அதாலைதான் செடிச்சாடி மண்ணோடை ஒண்டு போனாலே காணும், உலகம் முழுக்கப் பரவியிட்டுது. ஆனால் மண்ணுக்கை கிடக்கிற சீவனை நீர் எங்கை பார்க்கிறது?

ஸ்காபரோ_அத்தான்:
இஞ்சை கனடாவிலை நான் செடித் தொட்டியிலை பாம்பு வச்சிருக்கிறன், அதாலை சொல்லுறன். நீர் கேக்கிறமாதிரி மெல்லிசாய், செடிக்குப் பாரமில்லாமல் இருக்கிறது அமெரிக்காவின்ர சொரசொரப்புச் செதில் பச்சைப் பாம்பு. இரண்டடி, மூண்டடிதான். எலி வேண்டாம், வெட்டுக்கிளியும் மயிர்க்கொட்டியும் தின்னும். இலையிலை நிக்கிற தண்ணித் துளியை நக்கிக் குடிக்கிறது பார்க்க அழகு. ஆனால் கடைக்கு வாறதிலை கனக்கக் காட்டிலை பிடிச்சது. பயந்த சாதி, சாப்பாட்டை விட்டிட்டுக் கிடந்து செத்துப்போகும். தொடக்கக்காரருக்குக் குடுக்கிற சோளப் பாம்பு நல்லாத் தின்னும், ஆனால் நாலு, அஞ்சடி வளரும். உம்மட பன்னத்துக்கு மேலாலை ஒரு இரவு நடந்தால் காணும், விடியப் புதுசாய் நடவேணும். கார்ட்டர் பாம்பு மீனும் மண்புழுவும் தின்னும், பீச்சல் தண்ணியாய் இருக்கும். பாசி இரண்டு கிழமையிலை நாறும்.

சுருக்கமாய், செடிக்கு ஏத்த பாம்பு வளர்க்கக் கஷ்டம். வளர்க்கச் சுகமான பாம்பு செடிக்கு ஏலாது.

கொக்குவில்_பெடியன்:
நன்றி அண்ணை, அத்தான். இண்டைக்குச் சாடி ஒண்டைக் கிண்டினன், வேலியோரம் அண்ணை சொன்ன அதே கறுப்புச் சாமான் வந்தது. மண்புழுவெண்டு கையிலை எடுத்தன். வால்நுனியாலை குத்தினது. விஷமோ?

வேலியோரம்:
இல்லை. வாலிலை சின்ன முள்ளு ஒண்டு இருக்கு, ஊண்டி நகர. விஷம் ஒண்டும் இல்லை. சாடிக்கையே விடும். கையிலை எடுத்துப்போட்டு விஷமோ எண்டு கேக்கிற பழக்கத்தை மட்டும் விடும். தொட்டியைச் சித்திரை வெயில் படாத இடத்துக்கு மாத்தும், மூடியிலை பாதிக்கு வலை அடியும். இல்லாட்டிப் பன்னம் அவிஞ்சு போகும்.

சுன்னாகம்77:
அம்மாவுக்குச் சொல்லியாச்சோ?