வெனிஸில் தனிப் படகுச் சவாரி: ஆறு பேர், அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன், பதிவு செய்தது சரியா என்று சந்தேகம்

தூத்துக்குடிப் பெண்:

வணக்கம். அக்டோபர் இரண்டாவது வாரம் வெனிஸ் போகிறோம், மூன்று இரவு அங்கேயே தங்குகிறோம். நான், கணவர், 11 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூடவே அப்பா அம்மா. அவர்களுக்குக் கல்யாணமாகி 40 வருடம் ஆகிறது, அதற்காகத்தான் இந்தப் பயணமே. ஒரு நாள் சாயங்காலம் எங்களுக்கு மட்டும் ஒரு கோண்டோலா (அங்கத்து நீளமான துடுப்புப் படகு) எடுத்துக் கால்வாய்களைச் சுற்றிவர வேண்டும் என்று ஆசை. ஒரு பயண இணையதளத்தில் "தனிச் சவாரி, அரை மணி நேரம்" என்று போட்டிருந்ததைப் பார்த்து ஆளுக்கு 64 யூரோ வீதம் ஆறு பேருக்கு 384 யூரோ கட்டிவிட்டேன். இப்போது உறுதிச் சீட்டை நிதானமாகப் படித்தால், அடியில் சின்ன எழுத்தில் "பயணிகள் தேவைக்கேற்ப வெவ்வேறு படகுகளில் அமர்த்தப்படுவார்கள்" என்று இருக்கிறது. தனிப் படகு என்று சொல்லிவிட்டு இது என்ன என்று புரியவில்லை.

இதைவிடப் பெரிய கவலை அம்மா. வலது முட்டி மாற்று ஆபரேஷன் ஆகி 14 மாதம் ஆகிறது. நன்றாக நடக்கிறார், கைப்பிடி இருந்தால் மாடிப்படியும் ஏறுகிறார், ஆனால் ஆடுகிற எதிலும் கால் வைக்கப் பயம். பொங்கலுக்கு மணப்பாடு போனபோது பேரன் எவ்வளவு கெஞ்சியும் கரையோரம் நின்ற படகில் ஏறவே இல்லை. அப்பா ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர், அவருக்கு ஒரே ஒரு ஆசைதான். நம்ம பக்கம் காயல் துறைமுகத்துக்கு வந்து முத்துக்குளிப்பைப் பற்றிச் சொன்ன மார்க்கோ போலோவின் வீடு இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும். படகிலேயே அந்த வழியாகப் போக முடியுமா? போய் வந்தவர்கள் தயவு செய்து சொல்லுங்கள்.

ஊர்சுற்றி62:

முதலில் அந்தப் பதிவை ரத்து செய்ய முடியுமா என்று பாருங்கள் அம்மா. கோண்டோலாவுக்கு ஆள் கணக்கில் கட்டணமே கிடையாது, படகு கணக்கில்தான். நகராட்சி நிர்ணயித்த விலை: பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ, இரவு 7 மணிக்கு மேல் 35 நிமிடத்துக்கு 110 யூரோ. 2023 நவம்பரில் இருந்து இதுதான், அதற்கு முன்னால் 80, 100 என்று இருந்தது. ஒருவர் ஏறினாலும் ஐந்து பேர் ஏறினாலும் அதே பணம். ஒரு படகில் அதிகபட்சம் ஐந்து பேர். அதனால்தான் உங்கள் சீட்டில் அப்படி ஒரு வரி இருக்கிறது, நீங்கள் ஆறு பேர், ஒரே படகில் ஏற்ற முடியாது. நேரில் போய் இரண்டு படகு எடுத்தாலும் பகலில் 180 யூரோதான். நீங்கள் கட்டியிருப்பது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

பதுவா மாணவன்:

அக்கா, நான் பதுவாவில் படிக்கிறேன், வெனிஸ் ரயிலில் அரை மணி நேரம்தான், ஊரிலிருந்து யார் வந்தாலும் நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். மேலே அண்ணன் சொன்ன விலை சரி. ஆனால் துறையில் நிற்கிறவர் எல்லோரும் அந்த விலையில் தொடங்க மாட்டார்கள். போன வருடம் என் சித்தப்பாவிடம் "நீண்ட வழி" என்று சொல்லி 130 கேட்டார் ஒருவர், அவரும் சரி என்று ஏறிவிட்டார், திரும்பி வந்தபோது கடிகாரம் 26 நிமிடம் காட்டியது. ஏறுவதற்கு முன்னாலேயே எத்தனை நிமிடம், எவ்வளவு, எந்த வழி என்று மூன்றையும் வாய்விட்டுக் கேளுங்கள். துறையில் விலைப் பலகை இருந்தால் அதைக் காட்டிப் பேசலாம். பாட்டு வேண்டும் என்றால் அதற்குத் தனிக் காசு, அது இந்தக் கட்டணத்தில் சேராது.

மார்க்கோ போலோ வீடு ரியால்டோ பாலத்திலிருந்து நடந்து ஐந்து நிமிடம்கூட ஆகாது. வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் 1678-இல் ஒரு நாடக அரங்கம் கட்டினார்கள், இன்று அதன் பெயர் மாலிப்ரான் அரங்கம். பக்கத்து முற்றத்துக்கு இன்னும் "மில்யோன் முற்றம்" என்றுதான் பெயர், மில்யோன் என்பது அவருடைய பட்டப்பெயர். அரங்கத்தை ஒட்டியே கால்வாய் போகிறது, சின்னப் பாலமும் உண்டு. ரியால்டோ பக்கத்துத் துறையில் ஏறினால் அந்த வழியாகப் போகச் சொல்லிக் கேட்கலாம், அரை மணிக்குள் முடியும்.

தூத்துக்குடிப் பெண்:

மிக்க நன்றி இருவருக்கும். 24 மணி நேரத்துக்கு முன்பு வரை இலவசமாக ரத்து செய்யலாம் என்று இருந்தது, உடனே செய்துவிட்டேன். பணம் திரும்பும் என்று மின்னஞ்சலும் வந்துவிட்டது. ஆனால் ஐந்து பேர்தான் என்றால் யாரை விடுவது? அப்பா "நான் கரையில் நிற்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்" என்று இப்போதே ஆரம்பித்துவிட்டார். கல்யாண நாள் கொண்டாட்டத்துக்குக் கூட்டிப்போய் அவரைக் கரையில் நிறுத்த எனக்கு மனமே வரவில்லை.

கும்பகோணத்துக்காரி:

அவரை ஏன் நிறுத்த வேண்டும்? கொண்டாட்டம் அவர்களுக்குத்தானே. அப்பா, அம்மா, இரண்டு பேரப் பிள்ளைகள், நான்கு பேரும் ஒரு கோண்டோலாவில் ஏறட்டும், நீங்களும் கணவரும் டிராகெட்டோவில் போங்கள். ஊர் நடுவே ஓடுகிற "பெரிய கால்வாய்" முழுக்க மொத்தமே நான்கு பாலம்தான், அதனால் இடையிடையே அக்கரைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு பேர் துடுப்புப் போடுகிற பெரிய கோண்டோலா ஓடுகிறது, அதற்குத்தான் அந்தப் பெயர். வெளியூர்க்காரருக்கு 2 யூரோ. மீன் சந்தைக்கு எதிரில் சாந்தா சோஃபியா துறையில் இருக்கிறது. சில நிமிடத்தில் அக்கரை வந்துவிடும், ஆனால் ஊர்க்காரர்கள் காய்கறிப் பையோடு நிற்கிற படகில் நாமும் நிற்பது எனக்கு அந்த 90 யூரோ சவாரியைவிடப் பிடித்திருந்தது. சாயங்காலம் சீக்கிரமே நிறுத்திவிடுவார்கள், பகலில் போங்கள்.

எலும்பும் மூட்டும்:

நான் இயன்முறை மருத்துவர், தினமும் முட்டி மாற்றியவர்களோடுதான் வேலை. அம்மாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 14 மாதம் ஆகிப் படியும் ஏறுகிறார் என்றால் கோண்டோலா முடியாத காரியம் இல்லை, ஒரு முறை அவருடைய மருத்துவரிடம் மட்டும் கேட்டுவிடுங்கள். மேலே ஏறும்போது நல்ல கால் முதலில், கீழே இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில் என்று பழக்கியிருப்பார்கள். துறையிலிருந்து படகுக்குள் போவது பெரும்பாலும் கீழே இறங்குவதுதான், எனவே வலது கால் முதலில். படகோட்டியின் விரலைப் பிடிக்க வேண்டாம், அவர் முன்கையை நீட்டுவார், அதைப் பிடிக்கச் சொல்லுங்கள். கோண்டோலாவில் ஏறுவதைவிட எழுந்திருப்பதுதான் கஷ்டம், நடு இருக்கை ரொம்பத் தாழ்வு. இப்போதிருந்தே வீட்டில் தாழ்வான சோபாவில் உட்கார்ந்து, இருக்கையின் நுனிக்கு நகர்ந்து, கையை ஊன்றி எழுந்து பழகட்டும். நாளைக்குப் பத்து முறை போதும்.

பதுவா மாணவன்:

டாக்டர் அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெனிஸில் கடல் மட்டம் நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும், சில நாளில் ஒரு மீட்டர் வரை வித்தியாசம் இருக்கும். துறையின் படிகள் அசையாது, தண்ணீர்தான் ஏறி இறங்கும். நீர் வற்றிய நேரத்தில் போனால் இரண்டு மூன்று படி கீழே இறங்க வேண்டும், அந்தக் கீழ்ப்படிகள் முழுக்கப் பாசி. நல்ல ஏற்றமாக இருந்தால் படகு துறை மட்டத்துக்கு வந்து நிற்கும், ஒரே எட்டில் ஏறிவிடலாம். அதற்காக ரொம்ப ஏறினாலும் வம்பு, தாழ்வான பாலத்துக்கு அடியில் போக முடியாமல் வழி மாறிவிடும், உங்கள் அப்பாவின் மார்க்கோ போலோ பாலமும் போய்விடும். நகராட்சியின் அலைமட்ட மையம் மணிவாரியாகக் கணிப்பு வெளியிடுகிறது, முந்தின நாள் பார்த்துவிட்டு நேரத்தை முடிவு செய்யுங்கள். அக்டோபரில் வெள்ளம் வரும் நாளும் உண்டு, ஆனால் நீர்மட்டம் 110 சென்டிமீட்டருக்கு மேல் போகும் என்று தெரிந்தால் கடல் தண்ணீர் உள்ளே வருகிற வாய்களில் கதவுகளை எழுப்பி அடைத்துவிடுகிறார்கள், 2020-இல் இருந்து நடக்கிறது.

துறையும் முக்கியம். சான் மார்க்கோ சதுக்கத்துக்கு முன்னால் கடலைப் பார்த்து நிற்கிற துறையில் அம்மாவை ஏற்றவே ஏற்றாதீர்கள். மோட்டார் படகுகள் கிளப்பும் அலையில் கோண்டோலாக்கள் மேலும் கீழும் குதித்துக்கொண்டே இருக்கும்.

ஊர்சுற்றி62:

அம்மா கடைசி நேரத்தில் முடியாது என்று சொன்னாலும் கவலை வேண்டாம். வாப்பொரேட்டோ என்று ஊர்ப் பொதுப் படகு, 1-ஆம் எண். பேருந்துகள் வந்து நிற்கிற பியாசாலே ரோமாவிலிருந்து சான் மார்க்கோ வரை பெரிய கால்வாய் முழுக்க ஒவ்வொரு துறையாக நின்று போகும், முக்கால் மணி நேரம். 75 நிமிடச் சீட்டு 9.50 யூரோ. அதன் நிறுத்தங்கள் எல்லாம் மிதக்கும் மேடை, தண்ணீரோடு சேர்ந்து ஏறி இறங்கும், அதனால் எந்த நேரத்திலும் மேடையும் படகும் ஏறக்குறைய ஒரே மட்டம். என் அக்காவுக்கு 78 வயது, ஊன்றுகோலோடு ஏறினார். மோட்டார் படகு டாக்சி நம் பட்ஜெட்டுக்கு ஆகாது, விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரவே 100 யூரோவுக்கு மேல், தவிர அதில் அறைக்குள் படி இறங்கித்தான் போக வேண்டும்.

தூத்துக்குடிப் பெண்:

போய் வந்துவிட்டோம். இங்கே பதில் சொன்னவர்களுக்காகவே எல்லாவற்றையும் விவரமாக எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்தான்.

முதல் நாள் வாப்பொரேட்டோவில் போனோம், அம்மாவுக்குத் தண்ணீர் பழகட்டும் என்று. ஏறும்போது என் கையை இறுக்கிப் பிடித்தவர், மூன்றாவது நிறுத்தத்தில் கையை விட்டுவிட்டு சன்னல் பக்கம் திரும்பிவிட்டார். இரண்டாம் நாள் கணிப்பைப் பார்த்தோம், மாலை ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் நல்ல மட்டத்தில் இருந்தது. அங்கே அப்போது ஆறரைக்கெல்லாம் சூரியன் மறைகிறது, இரவுக் கட்டணம் ஏழு மணிக்குத்தான் தொடங்குகிறது, ஆக ஐந்தரை எல்லாவற்றுக்கும் பொருத்தமாக அமைந்தது.

ரியால்டோ பக்கம் முதலில் கேட்டவர் 120 என்றார். "30 நிமிடம், 90" என்று சொன்னேன், தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். அடுத்தவர் ஐம்பது வயதுக்காரர், உடனே சரி என்றார். மாலிப்ரான் அரங்கம் பக்கம் போக வேண்டும் என்றதும் அப்பாவைப் பார்த்து "மார்க்கோ போலோ?" என்று அவரே கேட்டார். அதற்குப் பிறகு அப்பா கரையில் நிற்கிற பேச்சையே எடுக்கவில்லை.

படகோட்டி முதலில் அப்பாவையும் பிள்ளைகளையும் ஏற்றினார், யார் எங்கே என்று அவரேதான் உட்கார வைத்தார். அவர் பின்னால் இடது பக்கம் நின்று வலது பக்கம் துடுப்புப் போடுவதால் படகின் இடது பக்கத்தை வலது பக்கத்தைவிட 24 சென்டிமீட்டர் அதிக அகலமாகக் கட்டுகிறார்களாம், எடை மாறி உட்கார்ந்தால் சாய்ந்துவிடும் என்று பெரியவனுக்குச் சைகையிலேயே விளக்கினார். கடைசியாக அம்மா. மேல் படி காய்ந்திருந்தது, அதற்கு அடுத்த படி பச்சைப் பாசியோடு தண்ணீருக்குள் இருந்தது. அதில் கால் வைக்கத் தேவையே இல்லை. படகோட்டி ஒரு காலைத் துறையிலும் ஒரு காலைப் படகிலும் ஊன்றி முன்கையை நீட்டினார். அம்மா வலது காலை வைத்தார், படகு லேசாக அமுங்கியது, அம்மா நின்றுவிட்டார். அவர் அவசரப்படுத்தவே இல்லை, அப்படியே அசையாமல் நின்றார். பிறகு அம்மா இடது காலையும் எடுத்து வைத்து உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் இருவரும் காலையிலேயே டிராகெட்டோவில் போய் வந்துவிட்டதால், அரங்கத்துப் பாலத்துக்கு ஓடினோம். கால்வாய் அங்கே ரொம்பக் குறுகல், மோட்டார் சத்தம் எதுவும் இல்லை. முதலில் திருப்பத்துக்கு அந்தப் பக்கம் "ஓயே" என்று குரல் மட்டும் கேட்டது, எதிரில் வருகிற படகுக்குச் சொல்வது. அப்புறம் படகின் இரும்பு மூக்கு மெல்ல எட்டிப் பார்த்தது. அப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டே வந்தார். அம்மா எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார், இரண்டு கையையும் எடுத்து. பாலத்துக்கு அடியில் படகோட்டி குனிந்து கடந்தபோது சின்னவள் கத்திய கத்து எதிரொலியோடு மேலே வந்தது. 32 நிமிடம் சுற்றினார், 90 யூரோதான் வாங்கினார்.

கும்பகோணத்துக்காரி:

படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. அம்மா எழுந்திருக்கச் சிரமப்பட்டாரா? என் மாமியாருக்கும் இரண்டு முட்டியும் மாற்றியிருக்கிறது, மே மாதம் போகலாம் என்று இருக்கிறோம்.

தூத்துக்குடிப் பெண்:

ஆமாம் அக்கா, அது மட்டும் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. டாக்டர் சொன்னபடி சோபாவில் பழகியிருந்தும் முதல் முறை எழ முடியாமல் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளை முதலில் இறக்கிவிட்டு, அப்பா எதிர்ப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, இரண்டாவது முறை எழுந்தார். இறங்க மூன்று நான்கு நிமிடம் ஆனது. உங்கள் மாமியாருக்கு இரண்டு முட்டியும் என்றால், நடு இருக்கை வேண்டாம், பக்கத்தில் போடுகிற சின்ன நாற்காலியில் உட்கார வைக்க முடியுமா என்று ஏறுவதற்கு முன்னாலேயே படகோட்டியிடம் கேட்டுவிடுங்கள். ஊன்றுகோல் கொண்டுபோனால் ரப்பர் முனை புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள், துறைப் பலகை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கிறது.